புதுப்பிப்பு: கருங்கடல் தானியக் கப்பல்கள், ஒப்பந்தம் முறிந்த பிறகு

போன இழையில் போருக்கு நடுவே உக்ரைன் தானியக் கப்பல்கள் பத்திரமாக வெளியே போக 2022 ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று முடித்த கருங்கடல் தானிய ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தேன். அது முறிந்ததும் உக்ரைன் ஏற்றுமதி எப்படித் தொடர்ந்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இது.

ஒப்பந்தம் ஓடிய வரை ஏறக்குறைய 3.3 கோடி டன் தானியமும் மற்ற உணவுப் பொருட்களும் வெளியே போயின. 2023 ஜூலையில் ரஷ்யா விலகியது. அடுத்த மாதமே ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டித் தனிக் கடல் வழி ஒன்றை உக்ரைன் அறிவித்தது.

சரி, வழி இருந்தால் போதுமா? போர் ஆபத்துக் காப்பீடு இல்லாமல் எந்தக் கப்பல் முதலாளியும் உக்ரைன் துறைமுகமான ஒடேசா பக்கம் திரும்ப மாட்டார், கடன் கொடுத்த வங்கியும் விடாது, காப்பீட்டுத் தொகை ஏறினால் அந்தச் சுமை கடைசியில் விவசாயிக்குக் கிடைக்கும் விலையில்தான் வந்து விழும். ராணுவப் பாதுகாப்பைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், எனக்கு இதுதான் முக்கியமான முடிச்சாகப் படுகிறது.

அதை அவிழ்த்தது 2023 நவம்பரில் வந்த 'யூனிட்டி' திட்டம். உக்ரைன் அரசும் அரசு வங்கிகளும் இழப்பு வந்தால் அதன் முதல் பகுதிக்குப் பொறுப்பேற்க, மார்ஷ் மெக்லென்னன் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் ஏற்பாட்டில் லண்டன் லாய்ட்ஸ் சந்தைக் காப்பீட்டாளர்கள் மிச்ச ஆபத்தை மலிவான கட்டணத்தில் எடுத்துக்கொண்டார்கள். தனியார் மட்டும் தாங்க முடியாத அந்த முதல் அடுக்கை அரசு தாங்கியதால்தான் கட்டணம் இறங்கியது.

அப்புறம், 2024 மார்ச்சில் தானியத்தோடு நிற்காமல் மற்றச் சரக்குக் கப்பல்களுக்கும் இதை நீட்டித்தார்கள்.