ரெஸ்லிங்ல இருந்து அரசியலுக்கு வந்த ஜெஸ்ஸி வென்சுரா கவர்னரா இருந்தப்ப மினசோட்டால இருந்தவங்க இருக்கீங்களா? பார்த்தது கேட்டது எதுவா இருந்தாலும் சொல்லுங்க

ஒய்டூகே ஆளு:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, கொட்டிடறேன். 1999 ஆகஸ்ட், மினியாபோலிஸ் டார்கெட் சென்டர், டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியோட சம்மர்ஸ்லாம் ரெஸ்லிங் ஷோ. ரூம்மேட் பசங்களோட கூரைய ஒட்டின சீட்ல உக்காந்திருக்கேன். மெயின் மேட்ச் ஆஸ்டின், டிரிபிள் எச், மேன்கைண்ட். ரெஃப்ரீ யாருன்னா மாநிலத்தோட கவர்னர்! கோடு போட்ட சட்டையோட வர்றார். நடுவுல கம்பெனி மொதலாளி பையன் ஷேன் மெக்மேன் உள்ள பூந்து கலாட்டா பண்ண, நம்மாளு அவன அப்படியே தூக்கி ரிங்குக்கு வெளிய கடாசினார் பாருங்க... மேன்கைண்ட் ஜெயிச்சதெல்லாம் அப்புறம், பட்ஜெட்ல கையெழுத்து போடற கைப்பா அது!

செயிண்ட்பால் அக்கா:
தம்பி சொல்றத பார்த்தா ஏதோ சர்க்கஸ்காரர் மாதிரி இருக்கு. புரூக்ளின் பார்க் மேயரா இருந்துட்டுதான் வந்தார், 1998ல நார்ம் கோல்மன், ஹம்ஃப்ரி ரெண்டு பெரிய கட்சி ஆளுங்களையும் தாண்டி ரிஃபார்ம் பார்ட்டிங்கற சின்னக் கட்சில நின்னு 37 பர்சென்ட்ல ஜெயிச்சார், ஓட்டுப் போடற அன்னைக்கே பேர் பதியலாம்ங்கறதால சின்னப் பசங்க அள்ளிக்கிட்டு வந்து குத்தினாங்க. என் கத சின்னது. 2002ல செக்யூரிட்டி பணத்த சட்டசபை வெட்டிடுச்சுன்னு சம்மிட் அவென்யூ பங்களாவையே இழுத்து மூடிட்டார்ல, அப்ப பார்த்து ஊர்ல இருந்து வந்த மாமியார கவர்னர் வீட்ட காட்டக் கூட்டிட்டுப் போனேன். காரணத்த சொன்னதும் "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானா?"ன்னாங்க. இன்னும் சிரிப்பு வருது.

பனிக்கரடி:
அக்கா ரொம்ப தாங்காதீங்க. 2001ல பதவில இருக்கும்போதே எக்ஸ்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல டிவி கமெண்ட்ரி பண்ணப் போனார், சனிக்கிழமை ராத்திரி சேனல் மாத்தறேன், நம்ம கவர்னர் குரல்! "ஜெஸ்ஸி செக்"னு சேல்ஸ் டாக்ஸ் மிச்சத்த வீட்டுக்கு அனுப்பினாங்க, இன்கம் டாக்ஸும் கொறச்சாங்க, எல்லாரும் கொண்டாடினோம். அவர் கெளம்பின கையோட பட்ஜெட்ல 450 கோடி டாலருக்கு மேல துண்டு, அடுத்து வந்த கவர்னர் பாலென்டி தலைல விடிஞ்சது. டாட்காம் சரிஞ்சதும் காரணம்தான், அதுக்காக இவர விட்டுட முடியுமா?

டூர் மாமா:
நான் அவர பார்த்ததில்ல. லைட் ரயில் வேணும்னு விடாப்பிடியா நின்னவர், அது ஓட ஆரம்பிச்சது 2004ல, அவர் வீட்டுக்குப் போனப்புறம். ஏறும்போதெல்லாம் அவர நெனச்சுப்பேன், அவ்ளோதான். யாராவது அந்தப் பக்கம் போறீங்கன்னா ஏர்போர்ட்லயே ப்ளூ லைன் புடிங்க, டாக்ஸிக்கு அழாதீங்க, டவுன்டவுன்ல கிரீன் லைன் மாறி கேபிடல் ஸ்டேஷன்ல இறங்குங்க, அதான் மாநில சட்டசபை கட்டடம், உள்ள போக காசு கெடையாது, மேல தங்கக் குதிரைங்க இருக்கும், வெயில் காலத்துல கைடோட போனா கிட்டக்கவே பார்க்கலாம், ஜனவரில மட்டும் போயிடாதீங்க, போயே ஆகணும்னா டவுன்டவுன்ல கட்டடத்துக்குக் கட்டடம் மேலயே போற மூடின பாலம், அந்த ஸ்கைவேக்குள்ளயே நடங்க, குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போடுங்க, வாடகைக் கார் எடுத்தா...

ஒய்டூகே ஆளு:
மாமா நான் ரயில் ரூட்டா கேட்டேன் :) வென்சுரா அதே டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனி மேல வீடியோ ராயல்டி கேஸ் போட்டு 1994ல 8 லட்சம் டாலருக்கு மேல ஜெயிச்சவர். அஞ்சு வருஷம் கழிச்சு அவங்க ரிங்குலயே வந்து மொதலாளி பையன தூக்கிப் போடறார். ஸ்கிரிப்ட்னு தெரியும், ஆனா அந்த வேகம்? முன் வரிசைல உக்காந்து மூஞ்சிய கிட்டக்க பார்த்தவங்க யாராவது இருந்தா எழுதுங்கப்பா.