ட்ரீம்காஸ்ட் வீடியோ கேம் பெட்டி வைத்திருந்தவர்கள் யாராவது உண்டா?

திருவல்லிக்கேணியிலிருந்து:

சென்ற வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பையில் புதுக் கேம் கன்ட்ரோலர். வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகிறதாம். ஆளை நகர்த்தும் ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்த பிறகும் திரையில் இருந்த ஆள் தன்பாட்டுக்கு இடதுபக்கம் நடந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். "ட்ரிஃப்ட் மாமா, எல்லாவற்றுக்கும் வருவதுதான்" என்றான், ஆடி மாதக் காற்றைப் பற்றிச் சொல்வதுபோல. நான் பதில் பேசாமல் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினேன்.

உள்ளே செகா ட்ரீம்காஸ்ட். 2001 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. அங்கே 1999 செப்டம்பர் 9 அன்று 199 டாலருக்கு வந்த பெட்டி, இரண்டே ஆண்டில் 50 டாலருக்கு இறங்கியிருந்தது. அந்த விலைக்கு இறங்காவிட்டால் சித்தப்பா அதைத் தொட்டிருக்கவே மாட்டார். அந்த ஆண்டு மார்ச்சோடு அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியை, பெட்டியைப் பிரித்த மறுநாள் வகுப்பு நண்பன் மிகுந்த மகிழ்ச்சியோடு சொன்னான். அவன் வீட்டில் பிளேஸ்டேஷன் 2 இருந்தது.

அமெரிக்கப் பெட்டிக்கு 110 வோல்ட் மின்சாரம் வேண்டும். ரிச்சி தெருவில் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அது ரீங்காரமிடுவதைக் கேட்டுப் பாட்டி இரண்டு நாள் அலமாரிக்குப் பின்னால் வண்டு தேடினாள். அடுத்த தொல்லை டிவி. எங்கள் டிவி இந்தியாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறை, பெட்டி அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறை. படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. ஆறு மாதம் கழித்து பர்மா பஜாரில் ஒரு விஜிஏ இணைப்புப் பெட்டி கிடைத்தது. கம்ப்யூட்டர் மானிட்டரில் செருகியதும் 640க்கு 480 புள்ளிகளில் படம் கத்தி முனைபோல நின்றது. டிவியில் விளையாடிக்கொண்டிருந்த நண்பர்களுக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. மகிழ்ச்சியோடு செய்தி சொன்னவனை முதல் வேலையாக வீட்டுக்கு அழைத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது கன்ட்ரோலரைப் பற்றி. அதைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள். வயர் மேலே டிவியை நோக்கிப் போகாமல், கீழே நம் வயிற்றை நோக்கி வரும். பின்பக்கத்தில் ஒரு சிறிய பள்ளம் இருக்கிறது. வயரை அதில் அழுத்திவிட்டால் மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஏன் முதலிலேயே மேலே வைக்கவில்லை என்று கேட்காதீர்கள். மேலே வேறு குடித்தனம்: நினைவக அட்டைக்காக இரண்டு செருகிடங்கள். அந்த அட்டையில் 48க்கு 32 புள்ளிகள் கொண்ட குட்டித் திரை உண்டு. கன்ட்ரோலர் நடுவில் இருக்கும் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கும். கழற்றினால் தனியாகவே ஒரு கையடக்க விளையாட்டு. அதற்கு இரண்டு பட்டன் பேட்டரி. தீர்ந்துபோனால் பெட்டியைப் போடும்போதெல்லாம் 'பீ...ப்' என்று அலறும். பைகிராஃப்ட்ஸ் சாலையில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர், "தம்பி, எத்தனை கடிகாரம் வைத்திருக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

மருமகன் முன்னால் அந்தக் கன்ட்ரோலரின் திருகுகளைக் கழற்றினேன். கடற்கரைக் காற்றில் ஒரு திருகின் தலை துருவேறி, தூளாக உதிர்ந்தது. உள்ளே ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறு காந்தம். அதற்குக் கீழே பலகையில் ஹால் உணரிகள். காந்தம் நகர்வதை அவை அறிந்துகொள்ளும், ஒன்றையொன்று தொடுவதில்லை. அவனுடைய கன்ட்ரோலரில் இருப்பது வேறு: கரிப்பட்டையின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே ஓடும். பழைய ரேடியோவில் ஒலிக்குமிழ் தேய்ந்துபோய்க் கரகரக்குமே, அதே சங்கதி. தொடாதது எப்படித் தேயும்? ஆள்காட்டி விரல்களால் அழுத்தும் இரண்டு டிரிக்கர்களிலும் காந்தம்தான். கிரேஸி டாக்ஸி விளையாட்டில் வலது டிரிக்கர் ஆக்சிலரேட்டர், இடது பிரேக். எத்தனை வண்டிகளை எத்தனை கடைகளுக்குள் விட்டிருப்பேன்! இன்றும் விரலை எடுத்தால் ஸ்டிக் நடுவில் வந்து நிற்கிறது. திரையிலும் ஒன்றும் அசைவதில்லை.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, எங்கள் தெருமுனைக் கேம் கடையில் ஒன்று இருந்தது. பிளேஸ்டேஷனுக்கு மணிக்கு இருபது ரூபாய், இதற்குப் பத்து. வருகிற பையன்கள் எல்லாம் "கிரிக்கெட் இருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். கடைக்கார அண்ணனிடம் இதற்குக் கிரிக்கெட் சிடி இல்லை. அதனால் ஓரமாகக் கிடந்தது, எனக்கு யோகம். பெட்டியின் முகப்பிலேயே நான்கு பேருக்கு இடம். பவர் ஸ்டோன் 2-ஐ நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டு விளையாடுவோம். பெட்டியைப் பிரித்து உள்ளே எதையும் மாற்றாமலேயே நகல் சிடியும் ஓடும். அது கடைக்கு லாபம், தயாரித்தவனுக்கு நஷ்டம்.

அதைக் கொன்றவனும் நான்தான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலரைப் பிடுங்கிச் செருகினேன். நான்கு இடமும் ஒரேயடியாகச் செத்துவிட்டன. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் போர்டே போய்விட்டது என்றார்கள். அண்ணன் முந்நூறு ரூபாய்க்குக் கழித்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்: கன்ட்ரோலர் பலகையில் எஃப்1 என்று ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அரிசி அளவுகூட இல்லை, இப்படிச் செருகினால் போவது பெரும்பாலும் அதுதானாம். அண்ணனிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

நங்கநல்லூரிலிருந்து:

காந்தப் புராணம் போதும் சார். நானும் வைத்திருந்தேன். அந்தச் சிலுவைப் பட்டனின் ஓரம் கத்திபோல இருக்கும். சோல்கேலிபர் ஒரு ஞாயிறு முழுக்க விளையாடி, திங்கட்கிழமை கட்டைவிரலில் கொப்புளத்தோடு தேர்வு எழுதியவன் நான். ஸ்டிக்கும் ஒன்றே ஒன்று. சுடுகிற விளையாட்டில் நடப்பதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று வேண்டாமா? நான்கு பட்டன்களை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பியது மறந்துவிட்டதா?

திருவல்லிக்கேணியிலிருந்து:

மறக்கவில்லை சார், கொப்புளம் எனக்கும் வந்தது. ஸ்டிக் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரிதான்; இரண்டு வைத்திருக்கலாம். இருக்கிற ஒன்று இன்னும் நேராக நிற்கிறது, அவ்வளவுதான் என் வாதம்.

பெரம்பூர்த் தம்பி, அண்ணனிடம் சொல்லிவிடு. முந்நூறு ரூபாய்க்காக இத்தனை ஆண்டு கழித்து அடிக்க மாட்டார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். என் பெட்டிக்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி கேட்கும். 1998 நவம்பர் 27 என்று காட்டிக்கொண்டு நிற்கும். ஜப்பானில் அது விற்பனைக்கு வந்த நாள் அது. மருமகன் அதைப் பார்த்துவிட்டு, "அன்றைக்கு அம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை மாமா" என்றான். தேதியை மாற்றாமலேயே உள்ளே போய், டாக்ஸியை நேராகக் கடலில் இறக்கினான்.