தீயணைப்பு நிலையமும் ரயில்வே கேட்டும்

கடைவீதியான்: "தீயணைப்பு நிலையத்தை பைபாஸுக்கு மாற்றணும், பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் ஊரைப் பிடித்த சனி" என்று நேற்று எழுதிய பைபாஸ்காரருக்கு. இடித்துவிட்டு அதே இடத்தில் புதுசாகக் கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? பைபாஸில் கட்டினால் நடுவில் ரயில்வே கேட். மூடினால் இருபது நிமிஷம். நீங்கள் வரும்வரை தீ உட்கார்ந்து டீ குடிக்குமா?

பைபாஸ்காரன்: இருபது நிமிஷமா! தினமும் பால் கேனோடு அதே கேட்டில் நிற்கிறவன் நான். ஏழு நிமிஷம், மிஞ்சினால் எட்டு. அப்புறம், அந்த ஷெட்டை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா அண்ணாச்சி? வண்டி உள்ளே போகணும் என்றால் ஒருவர் கண்ணாடியை மடக்கிவிட்டு "வா, வா, போதும்" என்று தட்டிக்கொண்டே வரணும். இரண்டு தூணிலும் சிவப்புப் பெயின்ட் ஈஷிக் கிடக்கிறது.

கடைவீதியான்: தூணை யார் கேட்டது? கேட் இருபது நிமிஷம்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை: இங்கே ஹில் ஸ்திரீட் தீயணைப்பு நிலையம் நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது. 1998ல் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள். பழசு என்றாலே இடிக்கணுமா?

பைபாஸ்காரன்: மாப்பிள்ளை, அது பராமரிக்கிற ஊர். இங்கே சுவரில் அரசமரம் முளைத்து நிற்கிறது, பிள்ளையார் வைக்காததுதான் பாக்கி. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருகிறவர் எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

டீச்சரம்மா: 2004ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கூரை பிடித்துக்கொண்டால் ஏழு நிமிஷமும் தாமதம்தான், இருபதும் தாமதம்தான்.

கடைவீதியான்: அதைத்தான் டீச்சர் நானும் சொல்கிறேன். இருபது நிமிஷம்.

பைபாஸ்காரன்: முதலில் உங்கள் கடை வாசல் தகரப் பந்தலைப் பிரியுங்கள். 4500 லிட்டர் தண்ணீரோடு வருகிற வண்டி அந்தத் தெருமுனையில் திரும்பிவிடுமா?

கடைவீதியான்: பந்தல் எங்கள் அப்பா காலத்தது. பைபாஸில் யாருடைய மச்சான் மனை போட்டிருக்கிறார், நிலையம் வந்தால் சென்ட் விலை எங்கே போகும் என்று நானும் எழுதட்டுமா? சொசைட்டித் தேர்தலில் தோற்றதிலிருந்து உங்களுக்கு நான் எதைச் சொன்னாலும் எரியும்.

டீச்சரம்மா: தேர்தல் எங்கிருந்து வந்தது?

கடைவீதியான்: நீங்கள் சும்மா இருங்கள் டீச்சர். நாளைக்குக் கேட்டுக்கு வரச் சொல்லுங்கள் அவரை, கடிகாரத்தோடு நிற்கிறேன்.

பைபாஸ்காரன்: பாசஞ்சருக்கா, கூட்ஸுக்கா? கூட்ஸ் வருகிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவீர்கள் என்று தெரியாதா!

கடைவீதியான்: எது வந்தாலும் இருபது நிமிஷம்.