புதுப்பிப்பு: பொடிப் பாகங்களைப் படமெடுக்க கேமரா வாங்கிவிட்டேன்

மாடல் ரயிலின் பல்சக்கரம், திருகு மாதிரிப் பொடிச் சாமான்களைப் படமெடுக்க மலிவான டிஜிட்டல் கேமரா எது என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? பழைய 8 மெகாபிக்சல் காம்பாக்ட் (சின்னக் கையடக்க) கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். மெகாபிக்சலை விடுங்கள், மேக்ரோவில் (மிகக் கிட்டே வைத்துப் படமெடுக்கும் மோடில்) எவ்வளவு கிட்டே போகும் என்று பாருங்கள் என்றவர்களுக்கு நன்றி.

முதல் நாள் எல்லாமே மங்கல். கேமராவைத் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது, நான் ஜூமை முழுக்க இழுத்து வைத்திருந்தேன், இந்த மாதிரி கேமராக்கள் பெரும்பாலும் ஜூம் செய்யாத நிலையில்தான் மிகக் கிட்டே ஃபோகஸ் ஆகும். அப்புறம் ஃபிளாஷை அணைத்து, ஜன்னலோரம் வெள்ளைத் தாள் விரித்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 2 விநாடி டைமர் வைத்து எடுத்தேன். பல்சக்கரத்தில் ஒரு பல்லின் முனை உடைந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. ரயிலின் கோளாறுக்கு இத்தனை நாள் மோட்டாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்! டிரைபாட் இன்னும் வாங்கவில்லை, இப்போதைக்கு நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல்தான் கேமரா.