குடகனாறு, குண்டாறு, மஞ்சளாறு: சின்ன அணைகளில் கண்டவை

மதகடி:
“சின்ன அணைதானே” என்று சொல்கிறவர்கள் குடகனாற்றின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் கட்டிய மண் அணை அது. ஆழமான அஸ்திவாரத்திலிருந்து 15.75 மீட்டர், ஆற்றுப்படுகையிலிருந்து அளந்தால் 11.45 மீட்டர்தான். கொள்ளளவு 1.23 கோடி கனமீட்டர், நம் கணக்கில் சுமார் 434 மில்லியன் கனஅடி. செங்குத்தாக ஏறி இறங்கும் ஷட்டர் ஐந்து. முழு நீர்மட்டத்துக்கு மேல் கரை இன்னும் 2.5 மீட்டர் உயர்ந்து நின்றது. அப்படியும் 1977 வெள்ளத்தில் கரைமேல் தண்ணீர் ஏறியது. ஆட்கள் நேரத்துக்கு ஷட்டரைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதி ஏறியபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டியும் பயனில்லை, கடைசியில் கையால் சுற்றினார்கள். தண்ணீர் கரை தாண்டிப் பின்சரிவில் அருவியாய் விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் உடைப்பு. அஸ்திவாரத்தில் குறையில்லை.

ஷட்டர், கசிவு, பாசனம், எதில் என்ன பார்த்தீர்களோ எழுதுங்கள். அளவும் காரணமும் இருந்தால் போதும், சொந்தப் பெருமை வேண்டாம்.

கைப்பிடி:
ஷட்டரில் ஆரம்பிக்கிறேன். ஜெனரேட்டர் இருப்பது வேறு, வெள்ள ராத்திரியில் அது சுமை இழுப்பது வேறு. மாதம் ஒருமுறை ‘ஸ்டார்ட்’ செய்து பத்து நிமிடம் சும்மா ஓட்டிவிட்டு நோட்டில் ‘நன்று’ என்று எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. சுமையில்லாமல் ஓடினால் எந்தக் குறையும் தெரியாது. ஷட்டரை உண்மையாகவே அரை அடி தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பேட்டரி தளர்ந்ததும், டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் நிற்பதும், ஈ.பி. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சின் முனை கருகியதும் தெரியும்.

இன்னொரு கோளாறு, மோட்டாரையோ கேபிளையோ கழற்றி மாட்டிய பிறகு வருவது. மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ‘மேலே’ பட்டனை அழுத்தினால் ஷட்டர் இறங்கும். பகலில் சிரிப்பு வரும், ராத்திரி வெள்ளத்தில் வராது. ஈ.பி. லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் சுழற்சி ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பேஸ் அறுந்தால் மோட்டார் உறுமும், நகராது. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சுருள் எரிந்துவிடும்.

கம்பிவடத்தில் தூக்கும் ஷட்டர் என்றால் இரண்டு பக்க வடமும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். ஒன்று தொய்ந்தால் ஷட்டர் கோணலாகி, பக்கச்சுவரில் அது ஓடும் பள்ளத்தில் இறுகிக்கொள்ளும். மேலும் இழுக்க இழுக்க இறுக்கம்தான் கூடும். உடனே நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, வடத்தைச் சரிசெய்து மறுபடி தூக்க வேண்டும். கோடை முழுதும் அசைக்காமல் விட்ட ஷட்டரில் ரப்பர் சீல் துருவோடு ஒட்டிக்கொள்ளும். மழைக்கு முன்பே ஒருமுறை அசைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கையால் தூக்க எத்தனை பேர் வேண்டும், ஓரடிக்கு எத்தனை சுற்று, எத்தனை நிமிடம்? இந்த மூன்று எண்ணையும் சுவரில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். எல்லா ஷட்டரையும் கையால் திறக்க மொத்தம் எத்தனை மணி ஆகும் என்று பெருக்கிப் பார்த்தால், கரண்ட் இருக்கும்போதே எந்த மட்டத்தில் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தென்காசிச் சாரல்:
அண்ணே, அந்த மணிக்கணக்கு எங்கள் பக்கம் இன்னும் இறுக்கம். செங்கோட்டை குண்டாறு அணை 36.10 அடி, கொள்ளளவு 25 மில்லியன் கனஅடி. விநாடிக்கு 290 கனஅடி வரத்து ஒரு நாள் நின்றால் காலி அணை நிரம்பிவிடும் (290 × 86,400). அதே வரத்து வைகை அணையின் 6,091 மில்லியன் கனஅடியை நிரப்ப எட்டு மாதம் ஆகும். பெரிய அணையில் காலை ஆறு மணி, எட்டு மணி என்று அளவெடுத்தால் ஓடும். சின்ன அணையில் மலையில் மழை பிடித்துவிட்டால் மணிக்கொருமுறை பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று. வரத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை, மட்டம் ஏறியதை வைத்துக் கணக்கிடுகிறோம். நீர்ப்பரப்பு 20 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோலை 0.1 அடி தப்பாகப் படித்தால் 87,120 கனஅடி பிசகும். ஒரு மணிக் கணக்கில் அது விநாடிக்கு 24 கனஅடி பொய் வரத்து. காற்றடிக்கும்போது அலை அந்த அளவுக்கு ஆடும். அலையின் மேட்டையும் பள்ளத்தையும் ஐந்தாறு முறை பார்த்து நடுவை எடுங்கள்.

பத்திரிகையில் வரும் ‘அடி’யைச் சுவர் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது குறித்த ஒரு அடிமட்டத்திலிருந்து தண்ணீர் நிற்கும் அளவு.

பின்சரிவு:
உடைப்புக்குக் கரை தாண்டல் ஒரு வழி, கசிவு இன்னொரு வழி. மண் அணையில் கசிவே கூடாது என்பது தவறு, எல்லா மண் அணையும் கசியும். எவ்வளவு, எங்கே, தெளிவா கலங்கலா என்பதுதான் கேள்வி.

கரையடி வாய்க்காலில் 90 டிகிரி வி-நாட்ச் பலகை (V வடிவில் வெட்டிய பலகை, வெட்டு வழியே தண்ணீர் வழியும்) இருந்தால் அளவு சுலபம். நாட்ச்சின் அடிமுனையிலிருந்து தண்ணீர் உயரம் 5 செ.மீ. என்றால் விநாடிக்கு சுமார் 0.77 லிட்டர். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல். ஆகவே ‘கொஞ்சம்தான் ஏறியிருக்கு’ என்று விடக்கூடாது. அளவுகோலை நாட்ச்சின் வாயிலேயே வைத்துப் படிப்பது வழக்கமான பிழை. அங்கே தண்ணீர் சரிந்து விழுவதால் அளவு குறைவாகக் காட்டும். கொஞ்சம் பின்னால், அந்தத் தண்ணீர் உயரத்தின் நான்கு மடங்கு தூரத்தில் படிக்க வேண்டும். நாட்ச்சில் கோரை மாட்டியிருந்தாலோ, பின்னால் வண்டல் தேங்கியிருந்தாலோ அதைச் சுத்தம் செய்த பிறகே அன்றைய கணக்கை எழுதுங்கள். அணை மட்டத்தையும், முதல் நாள் மழையையும் அதே வரியில் குறிக்க வேண்டும். மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கசிவு மட்டும் ஏறினால் அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

கலங்கலா என்று பார்க்கக் கண்ணாடி டம்ளர் போதும். பிடித்து அரைமணி வைத்தால் அடியில் மண் படிகிறதா தெரியும். மண் வந்தால் கரையின் உள்ளே குழாய் போல வழி விழுகிறது என்று அர்த்தம். மதகுக் குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டி இப்படி அடிக்கடி வரும். கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணைச் சரியாக இடித்து இறுக்காததுதான் காரணம்.

தரையில் தண்ணீர் மணலோடு கொப்பளித்தால் களிமண்ணைப் போட்டு அடைக்கத் தோன்றும். செய்யாதீர்கள், பக்கத்தில் வேறு இடத்தில் கிளம்பும். முதலில் பருமணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் கல், ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவு. தண்ணீர் போகலாம், மண் போகக்கூடாது. வேகம் கூடுதல் என்றால் மணல்மூட்டையால் சுற்றி வட்டமாக வளையம் கட்டித் தண்ணீரை உள்ளே உயர விடுங்கள். கலங்கல் நிற்கும் உயரம் போதும், வழிந்து போக ஒரு இடம் விட்டு வையுங்கள்.

கரைமேல் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டுத் தூரை விட்டுப்போவதும் உதவாது. வேர் மக்கினால் அது இருந்த இடம் ஓட்டையாகும். சிறிய கன்றிலேயே பிடுங்குவதுதான் மலிவு. பெருச்சாளி வளை, நண்டு வளை, கறையான் புற்று, மூன்றையும் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மண்ணிட்டு இடிக்க வேண்டும். மேலே மூடினால் உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும்.

மதகடி:
வெடிப்பு பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். கரையின் நீளத்துக்கு ஓடும் வெடிப்பு சரிவின் அறிகுறியாக இருக்கலாம். குறுக்காக, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பின்பக்கம் ஓடுவது நேராக நீர்வழி, அதுதான் அவசரம். இரண்டு ஓரத்திலும் முளைக்குச்சி அடித்து இடைவெளியை டேப்பில் அளந்து வையுங்கள்.

தேவதானப்பட்டி வாய்க்கால்:
எச்சரிக்கை மட்டத்துக்கு மஞ்சளாறு நல்ல உதாரணம். 57 அடி அணை. 51-ல் முதல் எச்சரிக்கை, 53-ல் இரண்டாவது, 55-ல் மூன்றாவது. அதன்பின் வரும் தண்ணீர் அப்படியே ஆற்றில். இரண்டு அடியைக் காலியாக விடுகிறார்களே என்று விவசாயிகள் கேட்பது நியாயம்தான், ஆனால் கைப்பிடி சொன்ன மணிக்கணக்கு அந்த இரண்டடியில்தான் இருக்கிறது.

திறக்கும்போது நடு ஷட்டரில் தொடங்கி இரு பக்கமும் சமமாக, சிறிது சிறிதாக. ஒரு ஓரத்தை மட்டும் முழுதாகத் திறந்தால் கீழே சுழல் விழுந்து பக்கச்சுவரின் அடி அரிக்கும். முதல் திறப்பு சிறியதாக இருந்தால்தான் தரைப்பாலத்தில் நிற்பவரும், ஆற்றில் மாடு குளிப்பாட்டுபவரும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக் கரையேற நேரம் கிடைக்கும்.

பாசனத்துக்கு ஒரு தோராயம்: ஒரு மில்லியன் கனஅடி என்பது 23 ஏக்கர்-அடி, அதாவது 23 ஏக்கரில் ஓரடி நிற்கும் தண்ணீர். நெல்லுக்கு நான்கடி தண்ணீர் என்று வைத்தால் ஆறு ஏக்கர்கூட முழுசாக வராது. 25 மில்லியன் கனஅடி என்றால் 140 ஏக்கரைத் தாண்டும், அவ்வளவுதான். சின்ன அணை அதற்கு மேல் காப்பாற்றுவது திரும்பத் திரும்ப நிரம்புவதால்தான்.

தண்ணீர் குறையும்போது மதகைப் பாதி மூடிச் ‘சிக்கனம்’ பிடிப்பார்கள். மெல்லிய ஓட்டம் வாய்க்கால் மண்ணிலேயே உறிஞ்சப்பட்டுக் கடைமடைக்குப் போய்ச் சேராது. முழு ஓட்டத்தில் ஐந்து நாள், பிறகு ஐந்து நாள் மூடல் என்று முறை வைத்தால் அதே தண்ணீர் கடைசி வயலையும் தொடும்.

பச்சைத்துண்டு:
வண்டல் எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கரையை ஒட்டி எடுத்தால் டிராக்டர் நடை குறையும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பின்சரிவு:
கூடாது. கரையடியில் படிந்த வண்டல்தான் அடியில் தண்ணீர் புகாமல் போர்வை போல மூடியிருக்கிறது. அதைக் கிழித்தால் கசிவு கூடும். கரை உயரத்தின் இரு மடங்காவது தள்ளி, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், ஒரே சீராகச் சுரண்டி எடுங்கள். குழி குழியாகத் தோண்டினால் அந்தக் குழித் தண்ணீர் மதகுக்கு வராது, ஆடு மாடு விழும். தோண்டுவதற்காக அணையை வேகமாகக் காலி செய்யவும் வேண்டாம். நனைந்த மண்கரையின் உட்பக்கம் தண்ணீரின் தாங்கல் போய்ச் சரியும். களிமண் கரை என்றால் நாளுக்கு ஓரடிக்குள் இறக்குங்கள். அணையின் இயக்க விதியில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.