மறு: ‘ஆர்க் ட்ராக்கிங்’ – தமிழில் என்ன?

எல்லாருக்கும் வணக்கம்.

> ஆர்க் மின்வில், ட்ராக்கிங் பின்தொடர்தல். விமான மின்னியல் கலைச்சொற் பட்டியலில் ‘மின்வில் பின்தொடர்தல்’ என்று இடுவோமா?

வேண்டாம் ஐயா. இதில் எதுவும் எதையும் பின்தொடர்வதில்லை. வயரில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

1970, 80களில் கட்டிய பல விமானங்களில் வயரின் காவலி (மின் கசியாமல் மூடும் உறை) பொலிஇமைட்டு என்ற பிளாஸ்டிக் நாடா. கப்டன் என்ற பெயரில் விற்றது. மெல்லியது, பாரம் குறைவு, சூடு தாங்கும், உருகாது. உருகாததுதான் வில்லங்கம். அருகருகே ஓடும் இரண்டு வயர்களில் காவலியில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மேலே ஈரம் படிகிறது என்று வையுங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கும் விமானத்தை நினைத்தால் போதும்: உயரத்தில் குளிர்ந்த உட்தகட்டில் கடற்கரைக் காற்றின் ஈரம் வியர்த்துச் சொட்டும். 115 வோல்ற்று அந்த ஈரத்தினூடே கசியும். கசிவின் சூட்டில் ஈரம் ஓரிடத்தில் காய்ந்து மயிரளவு இடைவெளி விழும். அதில் பொட்டுப்பொட்டாகப் பொறி பாயும். ஒவ்வொரு பொறியும் பொலிஇமைட்டைக் கொஞ்சம் கரியாக்கும். கரி மின்னைக் கடத்தும். காவலியாக இருந்ததே கடத்தியாகிவிட்டது. இனி ஈரமும் தேவையில்லை. அந்தக் கரிக்கோட்டில் மின்வில், அதாவது அணையாமல் பாயும் பொறி, நின்று எரிந்து, வயர்க்கட்டிலுள்ள மற்ற வயர்களையும் கரித்துக்கொண்டு போகும்.

ஆகவே இந்த ‘ட்ராக்’ விலங்கின் காலடித் தடம் போன்றதல்ல, வண்டித்தடம் போன்றது. முதலில் ஓடியது பதித்த தடத்திலேயே அடுத்ததும் ஓடும். என் முன்மொழிவு: கரிந்த கோடு *கரித்தடம்*, நிகழ்வு *கரித்தடமிடல்*, அதில் எரிவது *கரித்தட வில்*. உப்புநீர் சொட்டித் தொடங்கினால் ஈரக் கரித்தடம். உலோக விளிம்பு காவலியை அறுத்துத் தொடங்கினால் உலர் கரித்தடம்.

‘கரிவடு’ என்றும் யோசித்தேன். கேட்க அழகுதான், ஆனால் வடு ஆறிப்போன காயம். இது ஆறாது. சுற்றுடைப்பான் (சர்க்கிட் பிரேக்கர்) ட்ரிப் ஆனதும் திரும்பத் தள்ளிப் போட்டால் வில் அதே கரியில் மறுபடி பற்றும், முதல்முறையை விட மோசமாக. காரணம் தெரியாமல் திரும்பப் போடாதே என்பது இதனால்தான்.

———

அண்ணை, கரித்தடம் எனக்கும் சம்மதம். ஆனால் மின்வில்லை அது விழுங்கிவிடக் கூடாது. 1998 செப்ரெம்பர் 2இல் நோவா ஸ்கோஷியாக் கரைக்கு அப்பால் விழுந்த சுவிஸ்எயார் 111, எம்டி-11 விமானம். 229 பேர் இறந்தார்கள். கனடிய விசாரணை, வயரில் எழுந்த வில்லிலிருந்தே தீ தொடங்கியிருக்க வேண்டும் என்றது. பற்றிப் பரவியது பக்கத்திலிருந்த வெப்ப, ஒலிக் காப்புப் போர்வையின் உலோகம் பூசிய மேலுறை. அங்கே ‘மின்வில்’ என்று எழுதினால் போதும். ‘கரித்தட வில்’ என்று எழுதினால் விசாரணை சொல்லாததை நாங்கள் சொன்னதாகிவிடும்.

சுற்றுடைப்பான் ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கும் பதிவில் ஒரு வரி வேண்டும். பழைய வகையில் உள்ளே இருப்பது ஈருலோகச் சட்டம், இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. அது சூட்டுக்கு வளையும். வில்லோ விட்டுவிட்டு, சில மில்லிசெக்கன் மட்டும் பாயும். உச்ச ஓட்டம் பெரிதானாலும் சட்டம் சூடாகும் முன் அணைந்துவிடும். வில்லையே இனங்காணும் வகைக்கு *வில்வழுச் சுற்றுடைப்பான்* என்று இடலாம்.

அடுத்தது ‘சேஃபிங்’. பட்டியலில் ‘உராய்வு’ என்று கிடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் உராய்வு ஒரு விசை. காவலி தேய்ந்து செம்பு தெரிவதை அது சொல்லாது. சோளகக் காத்துக்கு ஓலை வீட்டுச் சேவிஸ் வயரில் உரஞ்சுது என்று இங்கே எல்லாரும் சொல்கிறோம். *உரஞ்சல்* என்றே இடுவோமே?

———

உரஞ்சலைச் சேர்த்துவிட்டேன். தமிழ்நாட்டு வாசகருக்காக ‘உரசித் தேய்தல்’ பக்கத்தில் நிற்கட்டும். மின்வில் பற்றிய திருத்தமும் சரி.

உரஞ்சல் பதிவுக்கு விளக்கம் இப்படி: கவ்விகளுக்கு இடையில் வயர்க்கட்டை விரலால் மெதுவாக அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. தொய்ந்தால் அதிர்வில் தகட்டு விளிம்பைத் தொடும். வளைவின் ஆரை, கட்டிலுள்ள மிகத் தடித்த வயரின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். துளையிட்ட உலோகத் துருவலை அன்றே உறிஞ்சி எடுக்க வேண்டும்; கட்டுக்குள் விழுந்த துருவல் ஒவ்வொரு அதிர்விலும் அறுக்கும்.

‘வயர்க்கட்டு’ என்றே எழுதியிருக்கிறேன். ‘ஹார்னஸ்’ என்றதும் ஆராவது ‘சேணம்’ என்று எழுதி விமானத்தைக் குதிரையாக்க முதல் இதையும் முடித்துவிடுவோம்.

‘ஏஜிங்’ என்பதற்கு ‘மூப்பு’ எனக்கு ஒட்டவில்லை. வயருக்கு வயது மட்டும் கணக்கல்ல. ஈரம் பொலிஇமைட்டின் பிணைப்பை அறுக்கிறது, கைபட்டு வளைத்த இடம் வெடிக்கிறது, கழிவறைக்குக் கீழே ஓடும் வயர் மற்றதைவிட முந்திக் கெடுகிறது. *நலிவு* பொருந்தும். இணைப்பிக்கு முன் வயரைத் தாழ விட்டு நீரைச் சொட்டவைக்கும் வளைவுக்கு *சொட்டுவளைவு*. இதில் ஆருக்கும் சண்டை இருக்காது.

ஒன்று மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. வில் எரிந்த வயரின் நுனியில் செம்பு உருகி உருண்டு நிற்கும் சிறு குமிழ். செம்பு 1085 பாகை செல்சியசில் உருகும் என்பதால், தீயில் வெந்த வயரையும் வில் எரித்த வயரையும் பிரித்தறிய முதலில் தேடுவது அதைத்தான். ‘செப்புமணி’ என்று வைத்திருக்கிறேன். மணி என்றால் கோயில் மணி ஞாபகம் வருமோ?