மோட்டார் சைக்கிளின் ‘எர்த்’துக்குப் பொதுத்தடம் என்னும் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்போருக்காக நாம் தொகுத்துவரும் மின்பகுதிச் சொற்களில், பணிமனைகளில் ‘எர்த்’ என்று வழங்கும் சொல்லுக்கு ஈடாக இதுவரை புவியிணைப்பு, எதிர்முனை இணைப்பு, சட்டக இணைப்பு, மீள்வழி ஆகிய நான்கும் முன்வைக்கப்பட்டுள்ளன. வயரிங் பழுது பார்க்கும் வேலையில் இந்த நான்கையும் பொருத்திப் பார்த்தபின், ஐந்தாவதாகப் பொதுத்தடம் என்னும் சொல்லை முன்வைக்கிறேன். பழைய வண்டிகளில் பிடிபடாமல் அலைக்கழிக்கும் மின்பழுதுகள் பல இந்தச் சொல் குறிக்கும் இடத்தில்தான் ஒளிந்திருக்கின்றன என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஃப்யூஸ், சாவி, சுவிட்ச் வழியாக ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி போகிறது. விளக்கிலிருந்து பேட்டரியின் மறுமுனைக்குப் பெரும்பாலான பழைய வண்டிகளில் தனிக் கம்பி கிடையாது. விளக்கின் உலோகக் கூடு, அதைத் தாங்கும் மட்கார்டு, மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட், சட்டகம், எஞ்சின் என உலோகமாக உள்ள எல்லாமே சேர்ந்து அந்த இரண்டாவது கம்பியின் வேலையைச் செய்கின்றன. சுற்று வண்டிக்குள்ளேயே தொடங்கி வண்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டு ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே புவியிணைப்பு, புவித்தொடுப்பு, நிலத்தொடுப்பு ஆகியவை வீட்டு மின்னமைப்புக்கும் இடிதாங்கிக்கும் உரிய சொற்களாகவே இருக்கட்டும். பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யும்போது சார்ஜரின் மூன்றாவது முள் உண்மையாகவே புவித்தொடுப்பு. அதே மேசையருகில் நிற்கும் வண்டியின் சட்டகம் அப்படி அன்று. ஒரே பத்தியில் இரண்டையும் எழுத நேரும் ஆசிரியருக்கு இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

எதிர்முனை இணைப்பு என்னும் சொல் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்துகிறது. ஆனால் நாம் எழுதுவது பழைய வண்டிகளைப் பற்றி. டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் முதலிய பிரிட்டிஷ் வண்டிகளில் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் பேட்டரியின் நேர்முனையே சட்டகத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது. அவற்றில் சிவப்புக் கம்பி சட்டகத்துக்குப் போகும். ஹோண்டா வண்டிகளிலோ சிவப்பு பேட்டரியின் நேர்முனையிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பி, பச்சைதான் சட்டகத்துக்கு உரியது. இந்த வேறுபாட்டை அறியாமல் பேட்டரியை மாற்றி மாட்டினால், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையரோ, அக்கால 12 வோல்ட் பிரிட்டிஷ் வண்டிகளில் சார்ஜைக் கட்டுப்படுத்திய ஜீனர் டையோடோ, பிற்காலத்தில் பொருத்திய மின்னணுப் பற்றவைப்புப் பெட்டியோ அந்த நொடியிலேயே பாழாகிவிடக்கூடும்.

பராமரிப்புக் கையேட்டில் இடம்பெறும் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்தே இதைச் சோதித்துவிடலாம். “பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக” என்று எழுதுவது வழக்கம். சட்டகத்தோடு சேராத முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுநுனி சட்டகத்தில் பட்டவுடன் பேட்டரியின் முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியாகப் பாய்ந்து கையைச் சுட்டுவிடும்; சட்டகத்தோடு சேர்ந்த முனையை முதலில் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து நீங்குகிறது. ஆனால் நேர்முனை சட்டகத்தோடு சேர்ந்த வண்டியில் கையேட்டின் வாக்கியத்தை அப்படியே பின்பற்றுபவர், எதைத் தவிர்க்க வேண்டுமோ அதையே செய்கிறார். “பொதுத்தடத்தில் சேர்ந்த முனையை முதலில் கழற்றுக, கடைசியில் மாட்டுக” என்று எழுதினால் இருவகை வண்டிக்கும் அது சரி.

சட்டக இணைப்பு நல்ல தமிழ். மறுக்க மனம் வரவில்லை. ஆயினும் அது ஓர் இடத்தைச் சொல்கிறதே தவிர, வேலையைச் சொல்லவில்லை. ‘இணைப்பு’ என்றவுடன் ஒரு போல்ட்டும் ஒரு கம்பியும் மட்டுமே மனத்தில் வருகின்றன. உண்மையில் விளக்கின் பித்தளைக் கூட்டிலிருந்து பேட்டரி முனைவரை உள்ள நீண்ட பாதை முழுவதையும் அல்லவா நாம் குறிக்க வேண்டியிருக்கிறது? அந்தப் பாதையில் சில இடங்களில் சட்டகம் உண்டு, சில இடங்களில் கம்பியே உண்டு.

மீள்வழி என்பதே எனக்கும் முதலில் பிடித்திருந்த சொல். மின்னோட்டம் போகிறது, மீள்கிறது என்னும் கருத்து அதில் உயிரோடு இருக்கிறது. தடையாக நிற்பது மேலே சொன்ன பிரிட்டிஷ் வண்டிகளே. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகக் கொள்வதுதான் பாடநூல் மரபு; நேர்முனை சட்டகத்தோடு சேர்ந்திருக்கும்போது, மின்னோட்டம் சட்டகத்தின் வழியாகப் புறப்பட்டுக் கம்பியின் வழியாக மீள்கிறது. மீள்வழி என்று நாம் பெயரிட்ட ஒன்று அங்கே போகும் வழியாகிவிடுகிறது. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேரே முகப்பு விளக்குக்கு மாறுதிசை மின்சாரம் செல்லும் சிறு வண்டிகளில் திசை நொடிக்குப் பலமுறை மாறுவதால், போவது, மீள்வது என்ற பாகுபாட்டுக்கே அங்கு இடமில்லை.

திசையையும் முனையையும் மண்ணையும் விலக்கிவிட்டால் எஞ்சும் இயல்பு ஒன்றே: எல்லா விளக்குகளும் ஹாரனும் பற்றவைப்பும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே பாதை அது. ஒவ்வொரு விளக்குக்கும் வரும் கம்பி பெரும்பாலும் அதற்கே உரியது. மறுபக்கத்துப் பாதை அனைத்துக்கும் பொது. டிரான்சிஸ்டர் பாடத்தில் ‘பொது உமிழ்ப்பான்’ என்று எழுதிப் பழகிய நமக்கு, மின்சுற்றில் ‘பொது’ என்னும் அடை புதிதன்று.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதன்மையான காரணம், பழுதின் அடையாளத்தை அது தன்னுள்ளேயே வைத்திருப்பதுதான். பின்விளக்கை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருக்கின்றன: 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி. ஆனால் பல்பின் பித்தளைக் கூடு இரண்டுக்கும் பொது. அந்தக் கூட்டைப் பிடித்திருக்கும் ஹோல்டரில் பச்சைக் களிம்பு படிந்து, மட்கார்டோடு உள்ள தொடர்பு அறுந்துவிட்டதாகக் கொள்வோம். விளக்கு சுவிட்சைப் போடாமல் பிரேக்கை மிதித்தால், பிரேக் விளக்கு எரிவதில்லை. முன்னால் வேகமானிக்குள் இருக்கும் சிறு பல்பு மங்கலாக எரிகிறது. மின்னோட்டம் 21 வாட் இழையில் நுழைந்து, கூட்டிலிருந்து வெளியேற வழியின்றி 5 வாட் இழைக்குள் புகுந்து, பின்விளக்குக் கம்பி வழியாக முன்னே ஓடி, அதே கம்பியில் சேர்ந்துள்ள வேகமானி பல்பின் வழியாகச் சட்டகத்தை அடைகிறது. விளக்கு சுவிட்சைப் போட்டு மிதித்தாலோ, இரண்டு இழைகளின் வெளிமுனைகளிலும் ஒரே மின்னழுத்தம் நிற்பதால் பின்விளக்கில் எதுவும் எரியாது.

இதைக் காண்பவர் பெரும்பாலும் பிரேக் சுவிட்சையும் வேகமானியையும் கழற்றி, வயரிங் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுகிறார். ஒன்றைத் தொட்டால் வேறொன்று எரிகிறது அல்லது மங்குகிறது என்றால், அவை இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். பொதுத்தடம் என்னும் பெயரைக் கற்றவருக்கு அந்த எண்ணம் தானாகவே வரும்; ‘எர்த்’ என்று கற்றவருக்கு அதைத் தனியே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

புதுப்பித்த வண்டியில் இந்தப் பழுது குறைவதற்குப் பதிலாகக் கூடுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சட்டகத்தைச் சுரண்டித் தூய்மையாக்கிப் பவுடர் கோட்டிங் செய்யும்போது, போல்ட் துளைகளின் வாயிலும் எஞ்சினைத் தாங்கும் காதுகளிலும் மின்சாரம் கடத்தாத ஒரு தடித்த தோல் படிந்துவிடுகிறது. துருப்பிடித்த நிலையில் எரிந்த விளக்குகள், பளபளக்கும் புதிய சட்டகத்தில் எரிய மறுக்கின்றன. கம்பியின் வளையமுனை உட்காரும் இடத்தில் மட்டும், அந்த வளையத்தின் அளவுக்கே, வெள்ளை உலோகம் தெரியும்வரை பூச்சைச் சுரண்டி, பல்வைத்த வாஷரை வைத்து இறுக்கி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுவதே முறை. முகப்பு விளக்கின் பொதுத்தடம் பல பழைய வண்டிகளில் ஸ்டியரிங் கழுத்தின் பேரிங் குண்டுகளின் வழியாகவே செல்கிறது. புதிய கிரீஸ் நிறைத்த குண்டுகளை மின்பாதையாக நம்புவது சரியன்று. விளக்குக் கூட்டிலிருந்து பேட்டரி முனைவரை ஒரு தனிக் கம்பி இழுப்பதே என் பரிந்துரை. அந்தக் கம்பியையும் பொதுத்தடக் கம்பி என்றே அழைக்கலாம்; சட்டக இணைப்பு என்றால் அதற்குப் பொருந்தாது.

6 வோல்ட் வண்டிகளில் இந்தக் கவனம் இன்னும் தேவை. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். 6 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர். பொதுத்தடத்தில் எங்கோ 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டால், 12 வோல்ட் வண்டியில் இழப்பு அரை வோல்ட் அளவில் நின்றுவிடுகிறது. 6 வோல்ட் வண்டியிலோ ஏறத்தாழ 1 வோல்ட், அதாவது ஆறில் ஒரு பங்கு, போய்விடுகிறது. பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் என்பதால், அவ்வளவு இழப்பிலேயே ஒளி பாதிக்கு நெருங்கிவிடும். பழைய வண்டி வெளிச்சம் இவ்வளவுதான் என்று பலர் தம்மைத் தேற்றிக்கொள்வது இதனால்தான்.

பணிமனை வழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எர்த் கொடு’ என்பது வேண்டிச் செய்யும் இணைப்பு. ‘எங்கேயோ எர்த் ஆகுது’ என்பது மின்சாரம் வரும் கம்பி தோலுரிந்து சட்டகத்தில் படும் பழுது. இதோடு, இணைப்பு தளர்ந்து தடை கூடுவதையும் ‘எர்த் சரியில்லை’ என்கிறோம். இம்மூன்றையும் பிரித்து எழுதப் பொதுத்தடம் என்னும் அடிச்சொல் உதவுகிறது. வேண்டிச் செய்வதைப் பொதுத்தடத்தோடு சேர்ப்பது என்றே எழுதலாம். கம்பி வேண்டாமல் சட்டகத்தில் படுவது பொதுத்தடத் தொடுகை. பாதையில் மின்னழுத்தம் வீணாவது பொதுத்தட இழப்பு. தொடுகை ஃப்யூஸை எரிக்கும், இழப்பு ஒருபோதும் எரிக்காது. தேடும் முறையும் வேறு.

தொடுகையைத் தேட, எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, எரிந்த ஃப்யூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டி, வயரிங் கட்டைக் கழுத்துப் பகுதியிலிருந்து பின்னோக்கி மெல்ல அசைத்துக்கொண்டே வர வேண்டும். தொடுகை இருக்கும்வரை பல்பு முழு ஒளியோடு எரியும்; எந்த இடத்தில் கை வைக்கும்போது அணைகிறதோ, அங்கேதான் உரிந்த தோல். இழப்பைத் தேட, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை விளக்கின் கூட்டிலும் மற்றதைப் பேட்டரியின் பொதுத்தட முனையிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதையில் தடை இருக்கிறது. ஒரு முள்ளைப் படிப்படியாக நகர்த்தினால் எந்தப் போல்ட்டில் எண் தாவுகிறதோ அதுவே இடம். விளக்கை அணைத்துவிட்டு ஓம் அளப்பதும் ‘பீப்’ ஒலியை நம்புவதும் இங்கே பயன்படா. ஒரே ஓர் இழை மிஞ்சிய கம்பிகூட அந்தச் சோதனையில் நல்ல கம்பியாகவே தோன்றும்.

பொதுத்தடத்தைச் சில கடினமான இடங்களிலும் பொருத்திப் பார்த்தேன். பேட்டரியின் உதவியின்றிப் பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ பற்றவைப்பில், எஞ்சினை நிறுத்தும் பொத்தான் முதன்மைச் சுருளைப் பொதுத்தடத்தோடு சேர்த்துப் பொறியை அணைக்கிறது. பொத்தானுக்குப் போகும் கம்பி எங்கேனும் சட்டகத்தில் உரசினால் பொறியே வராது. ஆகவே பொறியின்மைக்குக் காரணம் தேடுபவர் முதலில் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு உதைத்துப் பார்க்க வேண்டும். பொத்தான் செய்வது வேண்டிய சேர்ப்பு; கம்பி உரசுவதால் நிகழ்வது வேண்டாத பொதுத்தடத் தொடுகை. விளக்குகளை நேர்திசை மின்சாரத்துக்கு மாற்ற முழுஅலை ரெக்டிஃபையர் பொருத்துவோர், காயிலின் ஒரு முனையைச் சட்டகத்திலிருந்து பிரித்தே ஆக வேண்டும். இல்லையெனில் ரெக்டிஃபையரின் டையோடு வழியாகக் காயில் தன்னோடு தானே குறுக்காகிவிடும். அதைப் ‘பொதுத்தடம் நீக்கிய காயில்’ என்று எழுதினால் பொருள் தெளிவாக இருக்கிறது; ‘புவியிணைப்பு நீக்கிய காயில்’ என்பதில் இல்லாத புவி வந்து நிற்கிறது. ஸ்டார்ட்டர் உள்ள வண்டியில் எஞ்சினையும் சட்டகத்தையும் சேர்க்கும் தடித்த பட்டை விடுபட்டால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் கிளட்ச் கேபிளையும் திராட்டில் கேபிளையும் பாதையாக்கிக்கொண்டு அவற்றைச் சூடாக்குவதைக் காணலாம். அந்தப் பட்டைக்குப் பொதுத்தடப் பட்டை என்னும் பெயர் பொருந்துகிறது.

தொகுப்பில் சேர்ப்பதற்கான விளக்கம் இது: பொதுத்தடம் என்பது வண்டியின் மின்கருவிகள் அனைத்தும் தத்தம் சுற்றை முடித்துக்கொள்ளப் பங்கிட்டுக்கொள்ளும் பாதை; அது சட்டகம், எஞ்சின், கம்பி, பட்டை ஆகியவற்றில் எதனாலும் அமையலாம்; பேட்டரியின் எந்த முனையும் அதில் சேர்ந்திருக்கலாம். இதன் கிளைச்சொற்களாகப் பொதுத்தடக் கம்பி, பொதுத்தடப் பட்டை, பொதுத்தடத் தொடுகை, பொதுத்தட இழப்பு ஆகிய நான்கையும் முன்மொழிகிறேன். சட்டகத்தில் கம்பிகள் பல வந்து குவியும் அந்த ஒற்றைப் போல்ட்டுக்குப் பொதுமுனை என்று எழுதலாமா, அல்லது பேட்டரி முனையோடு குழப்பம் வருமென்று வேறு சொல் தேடலாமா என்பதில் மட்டும் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வயரிங் வரைபடங்களைத் தமிழில் எழுதிப் பழகியவர்கள் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.